நெஞ்சு வலித்த காலையில் கடிகாரம் "ஒழுங்கான துடிப்பு" என்றது: இதயக் கருவிகளை எந்த அளவுக்கு நம்பலாம்?

கல்லுப்பட்டி மகன் (ஞாயிறு, காலை 10.15)

அனைவருக்கும் வணக்கம். நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். பெற்றோர் தே. கல்லுப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார்கள். அப்பாவுக்கு வயது 67. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை உண்டு. இருவரும் தனியாக இருக்கிறார்களே என்ற கவலையில், சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, நாடித் துடிப்பையும் இசிஜியையும் பதிவு செய்யும் கைக்கடிகாரம் ஒன்றை வாங்கி அப்பாவின் கையில் கட்டிவிட்டு வந்தேன்.

வைகாசியில் ஒரு நாள் அதிகாலை ஐந்தரை மணிக்கு அம்மா அழைத்தார். அப்பாவுக்கு மேல்வயிறு அடைத்தாற்போல் இருக்கிறது, இடது தோளும் தாடையும் வலிக்கின்றன, பனியன் நனையும் அளவுக்கு வியர்க்கிறது என்றார். நான் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்து, பக்கவாட்டுக் குமிழில் விரலை வைத்து, அரை நிமிடம் அசையாமல் இருந்து இசிஜி எடுத்தார். அம்மா அந்தத் திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நாடி 78, கீழே "ஒழுங்கான துடிப்பு" என்று இருந்தது. "வாயுவாக இருக்கும், ஓமத் தண்ணீர் கொடுங்கள், சற்றுப் படுக்கட்டும்" என்று சொன்னவன் நான்தான். எட்டரை மணிக்குப் பக்கத்து வீட்டு அண்ணன் வந்தவர், அப்பாவின் முகம் வெளுத்திருப்பதைப் பார்த்துவிட்டு யாரையும் கேட்காமல் வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு போனார். அங்கே எடுத்த இசிஜியில் இதயத்தின் கீழ்ச்சுவரில் மாரடைப்பு என்றார்கள். மதுரைக்கு அனுப்பி, ஸ்டென்ட் வைத்து, அப்பா வீடு திரும்பிவிட்டார். ஆனால் போன மூன்று மணி நேரம் போனதுதான். எக்கோ ஸ்கேனில் இதயத்தின் பம்ப்பிங் குறைந்திருப்பதாகச் சொன்னார்கள்.

இப்போது அம்மா அந்தக் கடிகாரத்தைக் கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். நண்பர் ஒருவர் மெத்தைக்கு அடியில் வைக்கும் கருவியைப் பரிந்துரைக்கிறார்; இன்னொருவர் கைபேசிக் கேமராவில் முகத்தைக் காட்டினாலே நாடி தெரியும் என்கிறார். இவற்றில் எது எதற்குப் பயன்படும் என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கோரிப்பாளையம் இசிஜி (ஞாயிறு, காலை 11.40)

தம்பி, முதலில் மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். 32 ஆண்டுகள் இசிஜி அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் கடிகாரம் அன்று பழுதாகவில்லை. துடிப்பின் தாளம் ஒழுங்காக இருக்கிறதா என்ற கேள்விக்கு மட்டுமே அதற்குப் பதில் தெரியும். அந்தப் பதில் அன்று சரியாகவே இருந்தது. இரத்தக் குழாய் அடைத்திருக்கிறதா என்ற கேள்வியை அது கேட்பதே இல்லை.

மருத்துவமனையில் நாங்கள் பத்து ஒயர்களை மாட்டுவோம்: கைகால்களில் நான்கு, நெஞ்சில் ஆறு. அவற்றிலிருந்து பன்னிரண்டு கோணங்களில் இதயத்தின் மின்னோட்டம் பதிவாகும். கடிகாரத்தின் பின்புறம் இடது மணிக்கட்டைத் தொடுகிறது, வலது கை விரல் குமிழைத் தொடுகிறது. ஆக, இரண்டு கைகளுக்கு இடையே உள்ள ஒரே ஒரு கோணம், நாங்கள் முதல் லீட் என்று சொல்வது மட்டுமே அதற்குக் கிடைக்கும். உங்கள் அப்பாவுக்கு வந்தது கீழ்ச்சுவர் மாரடைப்பு. அதை நேராகக் காட்டுபவை இரண்டாவது, மூன்றாவது, ஏவிஎஃப் ஆகிய மூன்று லீட்கள். அவை மூன்றுக்குமே காலில் ஒயர் இருந்தாக வேண்டும். வடக்கு மாசி வீதியில் நிற்பவருக்குத் தெற்கு மாசி வீதியில் பிடித்த தீ தெரியாது. அவர் பொய் சொல்கிறார் என்று நாம் சொல்ல முடியாது. முதல் லீடில் சில நேரம் மறைமுகமான மாற்றம் தெரிவதுண்டு என்றாலும், கடிகாரத்தில் உள்ள மென்பொருள் அதைத் தேடுவதில்லை.

வில்லெம் ஐன்தோவன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இசிஜியை உருவாக்கியபோதே, இரண்டு கைகளையும் இடது காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் வைக்கச் சொல்லித்தான் பதிவு செய்தார். அதற்காக 1924இல் நோபல் பரிசும் பெற்றார். அன்று காலைச் சேர்த்து எடுத்த பதிவுகள்தான் இன்றைய இரண்டாவது, மூன்றாவது லீட்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் எடுக்கும் முதல் இசிஜியே சில நேரங்களில் மாரடைப்பைக் காட்டாது. அதனால்தான் இடைவெளி விட்டு மீண்டும் எடுப்பதும், இதயத் தசை சேதமானால் இரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதத்தைப் பார்ப்பதும் வழக்கம். பன்னிரண்டு கோணங்களே போதாத இடத்தில் ஒரு கோணத்தை வைத்து வீட்டில் முடிவெடுக்கக் கூடாது. தாடை வலி, தோள் வலி, வியர்வை, மேல்வயிறு அடைப்பு என்றால், அதிலும் சர்க்கரை உள்ளவர் என்றால், கையில் என்ன கட்டியிருந்தாலும் 108ஐ அழைக்க வேண்டும். 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டார்வாஸ்டேட்டின் மாத்திரைகளின் முதல் அளவைக் கொடுத்துத்தான் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் அந்த நிலையம் எங்கே இருக்கிறது, இரவில் யார் இருப்பார்கள் என்பதை இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

செல்லூர் மின்னணு (ஞாயிறு, மாலை 4.05)

ஐயா சொன்னது இசிஜி பற்றியது. நாள் முழுவதும் கடிகாரம் காட்டும் நாடி எண் வேறு வழியில் வருகிறது என்பதால் அதையும் விளக்குகிறேன். பொறியியல் கல்லூரியில் மருத்துவ மின்னணுவியல் கற்பிக்கிறேன்.

கடிகாரத்தின் அடியில் பச்சை விளக்கு மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் தோலுக்கு அடியில் இரத்தம் சற்றுக் கூடும்போது திரும்பி வரும் ஒளி சற்றுக் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் நாடி. 1930களின் பிற்பகுதியில் ஹெர்ட்ஸ்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் விரல்களில் செய்து பார்த்த முறை இது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் இதே குடும்பம்தான். அதில் சிவப்பு, அகச்சிவப்பு என்று இரண்டு ஒளிகளை ஒப்பிட்டு ஆக்சிஜன் அளவைக் கணக்கிடுகிறார்கள். அந்த வழியை 1970களின் தொடக்கத்தில் கண்டறிந்தவர் ஜப்பானியப் பொறியாளர் டாகுவோ அவோயாகி.

இந்த முறையின் பெரிய எதிரி அசைவு. எங்கள் தெருவில் கைத்தறி நெய்யும் மாமா ஒருவருக்கு அவருடைய மகள் கடிகாரம் வாங்கிக் கொடுத்திருந்தார். தறியில் உட்கார்ந்தால் நாடி 104 என்று காட்டுகிறது, எழுந்தால் 76 ஆகிவிடுகிறது, இதயத்தில் ஏதோ கோளாறு என்று அவர் பயந்துபோயிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். ஊடு இழையை நெருக்குவதற்காக நிமிடத்துக்கு 52 முறை பலகையை இழுத்து அடித்தார். முன்னும் பின்னுமாகக் கை 104 முறை அசைந்தது. கடிகாரம் தறியை எண்ணிக்கொண்டிருந்தது. நெய்வதை நிறுத்தச் சொல்லி உடனே கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தேன், 80க்குக் கீழேதான் இருந்தது. அசைவை உணரும் சில்லு உள்ளே இருக்கிறது, அதைக் கொண்டு இந்தக் குழப்பத்தை நீக்க முயல்கிறார்கள் என்றாலும், அசைவின் தாளமும் நாடியின் எல்லைக்குள்ளேயே இருந்துவிட்டால் பிரித்தறிவது கடினம். நடைப்பயிற்சியில் காலடி எண்ணிக்கை நாடியாகப் பதிவாவதும் இதனால்தான். உட்கார்ந்து ஓய்வாக இருக்கும்போதும் தூக்கத்திலும் காட்டும் எண்களுக்கே நான் மதிப்புக் கொடுப்பேன்.

இரண்டாவது, தோலின் நிறம். தோலுக்கு நிறம் தரும் மெலனினும் ஒளியை உறிஞ்சுகிறது. நம்மில் பலருக்கு உள்ள கருமையான தோலில் திரும்பி வரும் ஒளி குறைவு. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், ஆக்சிமீட்டர் 92 முதல் 96 சதவீதம் வரை காட்டிய நோயாளிகளுக்கு இரத்தத்தை நேரடியாகச் சோதித்தபோது, உண்மையில் 88 சதவீதத்துக்கும் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். கொரோனாக் காலத்தில் நாம் எல்லோரும் அந்த எண்ணை வைத்துத்தான் படுக்கை தேடினோம் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது.

அலங்காநல்லூர் தன்னார்வலர் (ஞாயிறு, இரவு 8.30)

தோலைப் பற்றி அண்ணன் சொன்னதோடு எனக்குத் தெரிந்த ஒன்றைச் சேர்க்கிறேன். 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் பிரஷரும் பார்க்கும் வேலை எனக்கு. எங்கள் பக்கத்தில் வயதான பெண்களின் முன்கையில் பச்சை குத்தியிருக்கும். ஓர் அப்பத்தாவுக்குப் பேரன் அனுப்பிய கடிகாரத்தில் நாடி வரவே இல்லை. நான்கு சிறு கோடுகள் மட்டும் தெரிந்தன. பழுது என்று நினைத்துப் பேரன் வேறு ஒன்றை அனுப்பினார், அதிலும் வரவில்லை. அப்பத்தாவின் மணிக்கட்டுக்குச் சற்று மேலே, அவருடைய பதினைந்து வயதில் குத்திய கோலம் ஒன்று கருநீலமாகப் படர்ந்திருந்தது. கடிகாரத்தை மறு கைக்கு மாற்றிக் கட்டியவுடன் 72 என்று வந்தது. பச்சை குத்திய மை அந்த ஒளியை விழுங்கிவிடுகிறது.

ஆனால் என்னை உண்மையில் வருத்துவது பிரஷர்தான். கடை ஒன்றில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கிய கடிகாரத்தைக் காட்டி, "எனக்கு 121க்கு 79 தான் இருக்கிறது, மாத்திரை வேண்டாம்" என்று ஒருவர் இரண்டு மாதம் மாத்திரையை நிறுத்திவிட்டார். நான் மேல்கையில் பட்டை கட்டிப் பார்த்தபோது 172க்கு 98. அதே நேரத்தில் கடிகாரம் மீண்டும் 121க்கு 79 என்றே காட்டியது. பட்டை இல்லாமல் பிரஷர் காட்டும் தரமான கடிகாரங்கள் கூட நாடி அலையின் வடிவத்தை வைத்துக் கணக்கிடுபவைதான். அதனால் முதலில் கைப்பட்டைக் கருவியோடு ஒப்பிட்டு அளவை அமைக்க வேண்டும். நான்கு வாரத்துக்கு ஒரு முறை மீண்டும் அமைக்கச் சொல்லும் கடிகாரங்கள் உண்டு. ஐரோப்பிய உயர் இரத்த அழுத்தச் சங்கம் 2022இல், நோயைக் கண்டறியவோ சிகிச்சையை முடிவு செய்யவோ பட்டையில்லாக் கருவிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்றே கூறியது. குத்தாமலேயே சர்க்கரை காட்டும் கடிகாரம், மோதிரம் என்று விற்பவற்றை வாங்கவே வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன், தம்பி.

ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி நாட்டில் வயது வந்தோரில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் இரத்த அழுத்தம். இவ்வளவு பேருக்கும் தேவைப்படுவது மேல்கையில் கட்டும் தானியங்கிக் கருவி ஒன்றும், அதைச் சரியாகக் கட்டத் தெரிந்த ஒரு ஆளும்தான். காபி குடித்தோ பீடி பிடித்தோ அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஐந்து நிமிடம் பேசாமல், முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட உட்கார வேண்டும். கையை மேசையில் வைத்தால் பட்டை நெஞ்சின் உயரத்துக்கு வர வேண்டும்; கை தொங்கிக்கொண்டிருந்தால் அளவு கூடும், சட்டைக் கையைச் சுருட்டி இறுக்கினாலும் தவறாகும். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது முறையும் எடுக்க வேண்டும்.

கூடல்வாசி (திங்கள், காலை 6.50)

எல்லோரும் கடிகாரத்தைக் குறை சொல்வதால் மறுபக்கத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன். அண்ணா நகரில் என்னோடு இருக்கும் 72 வயது அம்மாவுக்குக் கடிகாரம் இரண்டு முறை "ஒழுங்கற்ற துடிப்பு" என்று எச்சரித்தது. அம்மாவுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை; வண்டியூர்த் தெப்பக்குளத்தை நாள்தோறும் இரண்டு சுற்றுச் சுற்றுபவர். மூன்றாவது எச்சரிக்கை வந்தபோது மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார். இதயத்தின் மேலறை சீராகச் சுருங்காமல் நடுங்குவதால் அங்கே இரத்தம் உறைந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம் என்று விளக்கி, உறைவதைத் தடுக்கும் மாத்திரை கொடுத்தார். அந்தக் கடிகாரம் இல்லாமல் எங்களுக்கு இது தெரிந்திருக்காது. பீரோவில் பூட்டி வைக்க வேண்டாம் என்று உங்கள் அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

மேலூர் மருத்துவர் (திங்கள், பிற்பகல் 2.20)

கூடல்வாசி சொல்வதை நான் வழிமொழிகிறேன். தாளக் கோளாறு என்பது வந்து வந்து போகும். மருத்துவமனையில் எடுக்கும் பத்து நொடி இசிஜியில் அது சிக்காமல் போவதுண்டு. நடமாடும்போதே இசிஜியைத் தொடர்ந்து பதிவதற்காக அமெரிக்கரான நார்மன் ஹோல்டர் முதலில் செய்த கருவியை முதுகில் சுமக்க வேண்டியிருந்தது, எடை ஏறத்தாழ 38 கிலோ. இன்று நாங்கள் ஒட்டிவிடும் சிறிய ஹோல்டர், கடிகாரம் எல்லாம் அந்த வரிசையில் வந்தவை. ஆப்பிள் கடிகாரத்தை வைத்து நடத்தி 2019இல் வெளியான ஆய்வில் 4,19,297 பேர் கலந்துகொண்டார்கள். எச்சரிக்கை பெற்றவர்கள் 0.52 சதவீதம். அவர்களில் பிறகு நெஞ்சில் இசிஜி ஒட்டுப்பட்டை அணிந்து திருப்பி அனுப்பியவர்களுக்கு 34 சதவீத அளவில் இந்தக் கோளாறு உறுதியானது. எஞ்சியவர்களுக்கு எச்சரிக்கை பொய் என்று பொருளல்ல. பட்டையை அணிந்த நாள்களில் அது வராமல் இருந்திருக்கலாம்.

ஆனால் கண்டுபிடித்ததாலேயே நன்மை வந்துவிடும் என்று எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கமாக இருக்கிறது. டென்மார்க்கில் 70 வயதைத் தாண்டிய, பக்கவாத ஆபத்துள்ள சுமார் 6,000 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2021இல் வெளியானது. ஒரு பகுதியினருக்குத் தோலுக்கு அடியில் பதிவுக் கருவியை வைத்தார்கள். கருவி வைத்தவர்களில் 31.8 சதவீதம் பேருக்கும், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 12.2 சதவீதம் பேருக்கும் இந்தக் கோளாறு தெரியவந்தது. அப்படியும் பக்கவாதம் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. சில நிமிடங்கள் மட்டும் வந்து போகும் கோளாறு அனைத்துக்கும் ஒரே சிகிச்சை பொருந்தாது என்பதை அதிலிருந்து கற்றோம். ஆகவே எச்சரிக்கை வந்தால் கடையில் மாத்திரை வாங்காமல் முறையான இசிஜிக்குப் போக வேண்டும்.

நம் பகுதியில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கிய இளம்பெண்களுக்கும் இதே தாளக் கோளாறு வரும். மேற்சொன்ன கணக்குகள் அவர்களுக்குப் பொருந்தாது. அவர்களுக்கு எக்கோ எடுத்து, வார்ஃபரின் என்ற உறைவுத் தடுப்பு மாத்திரை கொடுக்க வேண்டியிருக்கும். முப்பது வயதுப் பெண்ணின் கடிகாரம் திரும்பத் திரும்ப எச்சரித்தால் "சின்ன வயசுதானே" என்று விட்டுவிடாதீர்கள்.

கடிகாரம் நாடி 40 என்று காட்டுகிறது என்று பதறி வருபவர்களும் உண்டு. முன்கூட்டியே வரும் துடிப்பு ஒன்றுவிட்டு ஒன்று வந்தால், வலுக் குறைந்த அந்தத் துடிப்பின் இரத்தம் மணிக்கட்டு வரை எட்டாது. இதயம் 80 முறை துடிக்க, கடிகாரம் 40 என்று எண்ணும். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

செல்லூர் மின்னணு (திங்கள், இரவு 9.10)

தொடாமல் அளப்பதைப் பற்றிக் கல்லுப்பட்டித் தம்பி கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

முகத்தைக் கேமராவில் பார்த்து நாடி எடுப்பது மாயமில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் கன்னத்தின் நிறம் கண்ணுக்குத் தெரியாத அளவு மாறுகிறது. சாதாரண வெளிச்சத்தில் சாதாரணக் கேமராவால் அதைப் பிடிக்கலாம் என்று 2008இல் ஓர் ஆய்வுக்குழு காட்டியது. பச்சை நிறப் பதிவில்தான் அந்த மாற்றம் அதிகம் தெரிகிறது. கடிகாரத்தின் பச்சை விளக்குக்குச் சொன்ன அதே காரணம்.

என் மாணவர்கள் இப்படி ஒரு செயலியை எழுதி, மின்விசிறி ஓடும் அறையில் சோதித்தார்கள். ஆள் எழுந்து போன பிறகும், பின்னால் இருந்த வெள்ளைச் சுவருக்கு நாடி 60 என்று காட்டியது. மூன்று நாள் தேடிய பிறகு காரணம் கிடைத்தது. குழல்விளக்குக்குக் கீழே ஓடிய விசிறிக்கு மூன்று இறக்கை, நிமிடத்துக்கு 280 சுற்று. ஆக நொடிக்கு 14 முறை சுவரில் நிழல் விழுந்தது. மங்கலான வெளிச்சத்தில் கைபேசி நொடிக்கு 15 படம் மட்டுமே எடுத்தது. பதினைந்துக்கும் பதினான்குக்கும் உள்ள வித்தியாசம் நொடிக்கு ஒன்று, அதாவது நிமிடத்துக்கு அறுபது. நம் ஊர் வீடுகளில் விசிறி ஓடாத அறை ஏது? வெளிச்சம் நிலையாக இருந்து, முகம் அசையாமல் இருந்தால் பயன்படும். கருமையான தோலில் இங்கும் சமிக்ஞை பலவீனம்தான்.

மெத்தைக்கு அடியில் வைக்கும் கருவி வேறு வகை. இதயம் இரத்தத்தைத் தள்ளும்போது உடல் எதிர்த்திசையில் மிகச் சிறிதாக அதிரும். அந்த அதிர்வையும் மூச்சையும் அது இரவு முழுவதும் பதிவு செய்கிறது. தூங்குபவர் எதையும் அணிய வேண்டியதில்லை என்பது முதியவர்களுக்குப் பெரிய வசதி. உங்கள் அப்பா கயிற்றுக் கட்டிலிலோ திண்ணையில் பாய் விரித்தோ படுப்பவராக இருந்தால், வாங்கும் முன் அதற்கு ஏற்றதா என்று விசாரியுங்கள்.

ரேடார் வைத்தும் அளக்கிறார்கள். 60 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 5 மில்லிமீட்டர். இதயத் துடிப்பால் நெஞ்சுச்சுவர் கால் மில்லிமீட்டர் அசைந்தால், அலை போய்வரும் தூரம் அரை மில்லிமீட்டர், அதாவது அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்கு மாறும்; திரும்பி வரும் அலையின் கட்டம் (தன் 360 பாகைச் சுற்றில் அலை இருக்கும் இடம்) 36 பாகை மாறும். அதை எளிதாக அளக்கலாம். போர்வைக்கு மேலேயும் இருட்டிலும் வேலை செய்யும், முகம் பதிவாகாது. மூச்சின் அசைவு அதைவிடப் பல மடங்கு பெரியது என்பதும், பக்கத்தில் இன்னொருவர் படுத்திருந்தால் இருவரையும் பிரிப்பது கடினம் என்பதும்தான் சிக்கல்.

இவை மூன்றுமே தாளத்தையும் மூச்சையும் சொல்பவை. அடைப்பை எதுவும் சொல்லாது.

கல்லுப்பட்டி மகன் (சனி, மாலை 6.00)

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. ஊருக்கு வந்திருக்கிறேன். கடிகாரத்தைப் பீரோவிலிருந்து எடுத்து, அப்பா ஒத்துக்கொண்ட பிறகு மீண்டும் கட்டிவிட்டேன். ஒழுங்கற்ற துடிப்பு எச்சரிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு, இசிஜிப் பொத்தானைத் திரையிலிருந்து எடுத்துவிட்டேன். மெத்தைக் கருவி வாங்கவில்லை. அப்பா வருடத்தில் எட்டு மாதம் வாசலில்தான் படுக்கிறார். மேல்கைப் பட்டைக் கருவி வாங்கியிருக்கிறேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் போய்ச் செவிலியர் அக்காவிடம் பேசிவிட்டு வந்தோம். அடுப்படியில் நாள்காட்டிக்குப் பக்கத்தில் அம்மா தன் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்: "நெஞ்சு, தாடை, தோள், மேல்வயிறு வலி, வியர்வை: முதலில் 108, பிறகு அண்ணன், அதற்குப் பிறகுதான் மகன்." இன்று காலை அலங்காநல்லூர் அக்கா சொன்னபடி அப்பாவை ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்து அம்மா பிரஷர் பார்த்தார். முதல் முறை 138க்கு 84, இரண்டாவது முறை 134க்கு 82. இரண்டையும் அதே தாளின் கீழே குறித்திருக்கிறார்.